57 வயதில், குன்னூரில் இருந்துகொண்டு ஸ்கூபா டைவிங் கற்க முடியுமா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவு: கணவருக்கு 57, மனைவிக்கு 54. குன்னூரில் வீடு. கணவர் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். நீச்சல் சுமாராகத் தெரியும். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கை இந்த வயதில் கற்கலாமா, எங்கிருந்து தொடங்குவது?

கற்கலாம். பயிற்சியில் சேரக் குறைந்தபட்ச வயது 10. அதிகபட்ச வயது என்று எதுவும் கிடையாது. ஆனால் மலைவாசிகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கடலோரத்தில் எழுதப்படும் குறிப்புகளில் அது ஒரு வரியோடு போய்விடும்: டைவ் முடிந்து வீடு திரும்புவது. குன்னூர், ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் திட்டத்தையே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. புதியவர்களுக்கான எல்லை 18 மீட்டர். அங்கே அழுத்தம் 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். ஆனால் மொத்தமும் உடனே போவதில்லை. கரையேறிய பிறகும் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகப் பிரியும். கடல்மட்டக் காற்றழுத்தத்தை 1 என்று வைத்தால் குன்னூரில் (1,850 மீட்டர்) அது ஏறத்தாழ 0.8, ஊட்டியில் (2,240 மீட்டர்) 0.77. விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தமும் இதே அளவுக்குக் குறையலாம். டைவ் முடிந்ததும் விமானம் ஏறக் கூடாது என்ற விதி இதனால்தான். மலைப்பாதையில் ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றே.

விதி இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு டைவ், அல்லது அடுத்தடுத்த நாட்களில் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். பயிற்சி வகுப்பு எப்போதும் இரண்டாவது வகைதான். 50 வயதுக்கு மேல் முதன்முறை போகிறவர்கள் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. இவை ஆபத்தைக் குறைக்கும் எண்கள்; முற்றிலும் நீக்குபவை அல்ல.

"நாங்கள் உயரத்துக்குப் பழகியவர்கள்" என்ற வாதம் இங்கே எடுபடாது. பழகியது ஆக்ஸிஜன் குறைவுக்கு. நைட்ரஜன் குமிழிக்குப் பழக்கம் என்று ஒன்று இல்லை. "மலை ரயிலில் மெதுவாகத்தானே ஏறுகிறோம்" என்பதும் அப்படித்தான். நாலைந்து மணி நேர ரயில் பயணம் ஒரு நாள் ஓய்வுக்கு ஈடாகாது. சென்னை அல்லது புதுச்சேரியில் பிற்பகல் 3 மணிக்கு டைவ் முடித்து, அன்றிரவே நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, விடிந்ததும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் 18 மணி நேரம் ஆகியிருக்காது. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஒரு நாள் தங்குங்கள். இரண்டு ஊர்களும் 600 மீட்டருக்குக் கீழே இருப்பதால் அங்கே தங்குவதில் தவறில்லை. கொடைக்கானல்காரர்கள் மதுரையிலோ வத்தலக்குண்டிலோ தங்கலாம்.

வழியையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் முருடேஸ்வரை ஒட்டிய நேத்ராணித் தீவுக்குப் பலர் போகிறார்கள். அங்கிருந்து மைசூரு, கூடலூர் வழியாகக் காரில் திரும்பினால் சில மணி நேரத்திலேயே மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறிவிடுவீர்கள். மைசூரே 750 மீட்டருக்கு மேல். மங்களூரு, கோழிக்கோடு என்று கடலோரமாகவே இறங்கி வந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கு வருவதே சரி. கோழிக்கோட்டில் கூகுள் மேப் நாடுகாணி மலைவழியைக் காட்டி ஆசை காட்டும், மறுத்துவிடுங்கள். கோவளம் போகும் கொடைக்கானல்காரர்கள் குமுளி மலைவழியை விட்டு நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை வழியாக வரட்டும்.

இந்தக் கணக்கில் அந்தமான்தான் சுலபம். தொலைவு அதிகம், செலவும் அதிகம். ஆனால் விமானத்துக்காகக் கடைசி நாளை எப்படியும் காலியாக விட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு மலையேறத் தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது மருத்துவம். பயிற்சி நிறுவனங்கள் தரும் மருத்துவப் படிவத்தில் 45 வயதுக்கு மேற்பட்டவரா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்றால் புகைபிடிப்பு, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், நெருங்கிய உறவினர்களுக்கு 50 வயதுக்கு முன்பே இதயநோய் ஆகியவை பற்றித் துணைக்கேள்விகள் வரும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் அங்கே "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். சில இடங்களில் இந்தப் படிவத்தைப் படகு ஏறும் காலையில் நீட்டி, "எல்லாவற்றுக்கும் இல்லை போடுங்க சார்" என்பார்கள். அப்படிச் சொல்லும் இடத்தில் பயிற்சி எடுக்க வேண்டாம். படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, கோவையில் இதயநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈ.சி.ஜி., ட்ரெட்மில் டெஸ்ட், தேவைப்பட்டால் எக்கோ என்று அவர் முடிவு செய்வார்.

ஏன் இவ்வளவு கறார்? கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே காலில் இருக்கும் ரத்தம் அரை லிட்டருக்கு மேல் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது. இதயத்துக்கு அது கூடுதல் சுமை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு டைவ் நடக்கும்போதே நுரையீரலில் நீர் கசியலாம். பெரிதாக உழைக்காமலேயே மூச்சு வாங்குவதும் விடாத இருமலும் அதன் அறிகுறிகள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேலே வந்து, தண்ணீரைவிட்டு வெளியேறி, ஆக்ஸிஜனைச் சுவாசிப்பது. சில பி.பி. மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாது. சில, சிறுநீரை அதிகமாக்கி உடம்பின் நீரைக் குறைக்கும். உங்கள் மாத்திரை எது, அதை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காது. புதியவர்கள் பாதியில் கைவிடக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆழத்தில் இறங்கும்போது மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மென்மையாக ஊதிக் காதைத் திறக்க வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. அரை மீட்டருக்கு ஒருமுறை. திறக்காவிட்டால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலமாக ஊதினால் உள்காதே சேதமாகலாம். பழகுவதற்கு உங்களிடம் இலவச வசதி இருக்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் செய்து பாருங்கள். ஆனால் அந்த முழு இறக்கமும் தண்ணீரில் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்குவதற்குத்தான் சமம். மலைப்பாதையில் ஒரு மணி நேரத்தில் வரும் மாற்றம் கடலில் சில நொடிகளில் வந்துவிடும். இறக்கத்திலேயே காது அடைத்து மணிக்கணக்கில் திறக்காதவர்கள் முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சளி, சைனஸ் இருக்கும் நாளில் டைவ் கூடாது. மருந்தால் மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது அதைவிட மோசம்: மருந்தின் வேகம் ஆழத்தில் குறைந்தால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியிருக்காது.

நீச்சல் தேர்வு பயப்படுத்தும் அளவுக்கு இல்லை. நிற்காமல் 200 மீட்டர், நேர வரம்பு கிடையாது. அல்லது மாஸ்க், ஸ்நார்க்கல் (வாயில் வைத்துச் சுவாசிக்கும் குழாய்), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டுக்கொண்டு 300 மீட்டர். பிறகு 10 நிமிடம் மிதக்க வேண்டும். குன்னூர் மேட்டில் நடந்து பழகிய கால் நல்ல கால்தான். ஆனால் ஃபின்ஸ் உதைப்பது இடுப்பிலிருந்து, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கோவையில் ஏதாவது ஒரு நீச்சல் குளத்தில் இரண்டு மூன்று மாதம், வாரம் ஒருமுறையாவது நீந்துங்கள். வெறும் நீச்சலுக்குப் பிறகு மலையேறத் தடையில்லை. சிலிண்டர் காற்றைச் சுவாசித்துப் பழகினால் மட்டும் அதையும் டைவ் என்றே எண்ணி அன்றிரவு கீழே தங்கிவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சி: அகலமான பாத்திரத்தில் தண்ணீர் (குன்னூரில் வெந்நீர் கலந்துதான்), மாஸ்க் இல்லை, ஸ்நார்க்கல் மட்டும் வாயில். முகத்தை முக்கி, மூக்கைப் பிடிக்காமல் வாயால் இரண்டு நிமிடம் சுவாசிக்க வேண்டும். மாஸ்க்கில் தண்ணீர் புகும்போது பதறுவதற்குக் காரணம், மூக்கில் நீர் பட்டதும் தானாக மூக்கால் இழுப்பது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மாஸ்க்கைக் காலி செய்வது எளிது: மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊத வேண்டும்.

வகுப்பு மூன்று நான்கு நாள். பாடத்தை இணையத்தில் வீட்டிலேயே முடிக்கலாம். பிறகு குளத்திலோ ஆழமற்ற கடலிலோ பயிற்சிகள், கடைசியாகக் கடலில் நான்கு டைவ். மறக்கவே கூடாத விதி, மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்கு விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும்.

காற்றுக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போகும். வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர், நிரப்பும் அழுத்தம் 200 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்). 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்பதால் கையில் இருப்பது 150 பார், அதாவது 1,650 லிட்டர். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார். ஆக, சுமார் 40 நிமிடம். பதறினால் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

கருவிகளில் வயதுக்கென்று பார்க்க வேண்டியவை சில. வெள்ளெழுத்து இருந்தால், சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் பிரஷர் கேஜில் எண் தெரியாது. மாஸ்க்கின் உள்பக்கம் கீழே ஒட்டும் சிறு உருப்பெருக்கி வில்லைகள் கிடைக்கின்றன. பவர் கண்ணாடி போட்ட மாஸ்க்கும் செய்து தருவார்கள். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) கடிக்கப் பிடிமானம் போதுமா என்று முதலில் குளத்தில் பாருங்கள். மீசைக்காரர்களுக்கு மாஸ்க் ஒழுகும். மூக்கின் கீழே ஒரு கோடு மழித்தால் போதும். எடைப் பட்டையில் இன்ஸ்ட்ரக்டர்கள் புதியவர்களுக்குக் கூடுதலாகவே ஈயம் கட்டுவார்கள். சரியான அளவைப் பார்க்க வழி: மிதப்பதற்காகக் காற்றடைக்கும் ஜாக்கெட்டைக் காலி செய்து, மூச்சை இழுத்து அசையாமல் நின்றால் கண்மட்டத்தில் மிதக்க வேண்டும், விட்டால் அமிழ வேண்டும். சிலிண்டர் காலியாக ஆக மிதக்கத் தொடங்கும் என்பதால் அந்த அளவுக்கு மேல் 2 கிலோ ஈயம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முழுக் கருவியும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். முட்டியும் இடுப்பும் வலிப்பவர்கள் அதை முதுகில் சுமந்து படகில் நடக்க வேண்டியதில்லை. தண்ணீரில் இறங்கிய பிறகு மாட்டிக்கொள்ளலாம்; முடிந்ததும் ஏணியில் ஏறுவதற்கு முன் கழற்றிப் படகுக்காரரிடம் கொடுக்கலாம். முன்கூட்டிச் சொன்னால் செய்வார்கள்.

பருவம்: கிழக்குக் கடலில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தண்ணீர் கலங்கிவிடும். மேற்குக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இறங்க முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே விருப்பப்படி குதிக்க முடியாது.

டைவ் நிறுவனத்தோடு பேசும்போது மூன்று கேளுங்கள். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? உங்கள் வயதில் இருவருக்கு ஒருவர் என்றால் கூடுதல் பணம் கொடுக்கலாம். படகில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா? அவசரத்துக்கு அருகிலுள்ள மறுஅழுத்த அறை (அழுத்தத்தை ஏற்றி நைட்ரஜன் குமிழிக்குச் சிகிச்சை தரும் அறை) எது? அது எல்லா மருத்துவமனையிலும் இருக்காது.

திரும்பி வந்த பிறகு ஒரு நாளுக்குள் மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், தோலில் புள்ளிபுள்ளியான நிறமாற்றம் எது வந்தாலும் அது நைட்ரஜன் குமிழியின் வேலையாக இருக்கலாம்; தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். 108-ஐ அழைத்து ஆக்ஸிஜன் கேளுங்கள், மலையைவிட்டு இறங்குங்கள். பார்க்கும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக, எத்தனை மணிக்கு எவ்வளவு ஆழத்தில் டைவ் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் குன்னூரில் யாருக்கும் அது தோன்றாது.