ட்ரில் போடும்போது சுவருக்குள் இருந்த வயரில் பட்டுவிட்டது. ட்ரிப் சுவிட்ச் இப்போது விழாமல் நிற்கிறது. ஓட்டையை மூடிவிடலாமா?

மூட வேண்டாம். திரைச்சீலைக் கம்பிக்கு ஓட்டை போட்டீர்கள், ட்ரிப் விழுந்தது, தூக்கிவிட்டதும் மறுபடி விழவில்லை, வயர் தப்பிவிட்டது என்று மேசன் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் வயறிங் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ட்ரிப் நிற்பது வயர் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி இல்லை.

வீடுகளுக்குப் பூட்டும் ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லி அம்பியர் அளவில் கரண்ட் ஒழுகினால்தான் விழும். ட்ரில் முனையை வெளியே எடுத்தபின் காய்ந்த சுவரில் ஒழுக வழியில்லை. கார்த்திகை மழையில் சுவர் ஊறட்டும், நடுச்சாமத்தில் விழத் தொடங்கும். நீங்கள் பிரிட்ஜைச் சந்தேகப்படுவீர்கள்.

அதைவிட மோசம் பாதி அறுந்த வயர். பிளக்குக்குப் போகும் 7/0.67 வயரில் ஏழு இழை. நாலு அறுந்து மூன்று மிஞ்சினாலும் எல்லாம் வேலை செய்யும். ஆனால் கேத்திலோ அயனோ போட்டால் அந்த இடம் சூடேறும். கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் விழும் சின்ன சுவிட்சான பிரேக்கருக்கு அது தெரியாது, ஓடும் கரண்ட் கூடவில்லையே.

சரி, என்ன செய்வது? மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஓட்டைக்குள் ஆணி, கொளுக்கி இருந்தால் அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும். மிச்சம் வயறிங் தெரிந்தவரின் வேலை. ஒரு சாண் அளவுக்குப் பூச்சை உடைத்து பைப்பைத் திறந்து பார்ப்பார். ஒரு வயறிங் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி வரை புது வயர் இழுப்பதுதான் ஒழுங்கு. இழுபடாவிட்டால் அந்த இடத்தில் ஒரு பெட்டி பதித்து, கனெக்டரில் முடுக்கி, மூடி போடலாம். மூடி வெளியே தெரியத்தான் வேண்டும். வடிவில்லை என்றால் ஒரு கலண்டரைத் தொங்கவிடுங்கள், புது ஆணி அடிக்காமல்! முறுக்கி, ரேப் சுற்றி, மேலே சீமெந்து பூசுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

பூசுமுன் மெகர் (வயரின் உறை கரண்டை ஒழுக விடுகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமாவது காட்ட வேண்டும், நல்ல வயர் அதைவிட எவ்வளவோ மேலே காட்டும். பச்சை வயரையும் பார்க்க வேண்டும். எர்த் அறுந்தால் ஒரு லைட்டும் அணையாது, ஒருவருக்கும் தெரியவராது.

ஆள் வரும்வரை அந்தப் பக்கத்துப் பிரேக்கரை மட்டும் இறக்கிவிட்டு மற்றதைப் பாவிக்கலாம். இறக்கியும் ட்ரிப் விழுந்தால், பெரும்பாலும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், எர்த்தில் முட்டுகிறது. சாதாரண வீட்டுப் பிரேக்கர் கரண்ட் வரும் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும். அப்படியானால் முழு வீட்டையும் நிறுத்திவைக்க வேண்டியதுதான்.