கூகுளில் சிக்காத தகவலை இணையத்தில் எங்கே தேடுவது?

"கூகுளில் எவ்வளவு தேடியும் வராத தகவல் இணையத்தில் வேறு எங்காவது இருக்குமா?" என்பது கேள்வி. நிறையவே இருக்கிறது. எங்கள் டெல்டா பக்கத்து விஷயங்களை வைத்தே சொல்கிறேன்.

சீர்காழி பக்கம் ஒரு கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் (சர்வே நம்பர்) கூகுளில் போட்டால் மனை விற்கிறவர்களின் விளம்பரம் வரும், பட்டா வராது. ஆனால் பட்டா தமிழக அரசின் இ-சேவைகள் தளத்தில் இருக்கிறது. தேடுபொறி லிங்க் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும். மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுத்து ஓடிபி போட்ட பிறகே உருவாகிற பக்கத்தை அது பார்ப்பதே இல்லை. ஆகவே நான் முதலில் யோசிப்பது, இந்தக் காகிதம் எந்த ஆபீஸ் பீரோவில் இருக்கும் என்பதைத்தான். பட்டாவும் அ-பதிவேடும் (கிராமத்து நிலங்களின் விவரப் பட்டியல்) வருவாய்த் துறை. வில்லங்கச் சான்று (நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) பதிவுத் துறை, அதற்குத் தளமே வேறு.

தளத்தைக் கண்டுபிடித்த பிறகும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருப்பது பழைய புல எண். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். நில அளவைக்குப் பிறகு பல இடங்களில் எண்கள் மாறிவிட்டன. பழையதை அப்படியே அடித்தால் 'பதிவு இல்லை' என்று வரும், அல்லது யாரோ ஒருவருடைய வயல் வந்து நிற்கும். புது எண்ணைத் தாலுகா ஆபீஸில் கேட்டுக்கொண்டு உட்காருவது நல்லது. பத்திரத்தில் இருக்கும் மாவட்டமும் அப்படித்தான் மாறியிருக்கும்: சீர்காழி முதலில் தஞ்சாவூர், 1991-லிருந்து நாகப்பட்டினம், 2020-லிருந்து மயிலாடுதுறை. வில்லங்கத்தில் எதுவும் வரவில்லை என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். பதிவு செய்த பத்திரம் மட்டுமே அதில் ஏறும். அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் ஏறாது.

பழைய நூல்கள் இன்னொரு ரகம். 1906-இல் ஹெமிங்வே என்ற ஆங்கிலேய அதிகாரி (நாவலாசிரியர் இல்லை!) எழுதிய தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு நூல்) ஆர்க்கைவ்.ஆர்க் தளத்தில் கிடைக்கிறது. கும்பகோணத்தையோ நாகப்பட்டினத்தையோ அங்கே தேடும்போது வெள்ளைக்காரன் எழுதிய எழுத்துக்கூட்டில் தேட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல நூல்கள் வெறும் ஸ்கேன் படங்கள். உள்ளே இருக்கும் சொல்லைத் தேடிப் பயனில்லை. நூல் பெயரையோ ஆசிரியர் பெயரையோ கொடுத்து எடுத்து, பொருளடக்கத்தைப் புரட்டுவதுதான் வழி. பொறுமை வேண்டும், ஆனால் எனக்குப் பிடித்த வேலை.

தளம் மாறியதில் காணாமல் போன அரசுப் பக்கங்களுக்கு, பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின். பழைய முகவரி கையில் இருந்தால் அங்கே போட்டுப் பார்க்கலாம்.

இணையத்திலேயே ஏறாத காகிதம் என்று தெரிந்துவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் புல எண், ஆண்டு, எந்தப் பதிவேட்டின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள்.