கடவுச்சொல் சரி, ஓடிபியும் சரி. பிறகு ஏன் உள்ளே விடுவதில்லை?

ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை பார்த்தால் மட்டும் அலுவலக மென்பொருள் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறது, சில நாள் உள்ளேயே விடுவதில்லை, "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லைதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பாதுகாப்பு முறைக்கு ஜீரோ டிரஸ்ட், அதாவது துளியும் நம்பாமை, என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். லாகின் அனுமதிகளைக் கவனிக்கும் குழுவில்தான் நான் வேலை செய்கிறேன். அது என்னையும் நம்புவதில்லை.

முன்பு விபிஎன் வழியாக, அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு வழியாக, ஒருமுறை நுழைந்துவிட்டால் நீங்கள் வீட்டு ஆள். பாதி சர்வர்கள் திறந்தே கிடக்கும். 2009 இறுதியில் நடந்த ஊடுருவலுக்குப் பிறகு கூகுள் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, ஆளையும் கருவியையும் சேர்த்துப் பார்க்கும் பியாண்ட்கார்ப் முறைக்கு மாறியது. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 800-207 ஆவணமும் இதே வழியில்தான் போகிறது.

ஓடிபி போதாதா? 2022 செப்டம்பரில் உபரில் நடந்ததைப் பாருங்கள். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல் திருடன் கைக்குப் போய்விட்டது. அவன் லாகின் செய்ய முயலும்போதெல்லாம் அவருடைய செல்போனில், ஓடிபிக்கு அண்ணன் முறையான 'அனுமதிக்கவா?' அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. முதலில் இடம்கொடுக்காதவர், கடைசியில் ஒருமுறை அனுமதித்துவிட்டார். முன்பின் தெரியாத கருவி, அடுத்தடுத்து முயற்சிகள் என்பதையும் சேர்த்து எடைபோட்டால் அபாய மதிப்பெண் ஏறும். அப்போது அந்த ஒரு அனுமதி மட்டும் செல்லாது.

ஆனால் எடைபோடுவதிலும் கோளாறு வரும். ஒரு மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அம்மா ஒருவரின் லாகின் சட்டென்று முடங்கியது. பதிவைத் திறந்தேன்: 9.10 மணிக்குச் சென்னை, 9.40 மணிக்கு மும்பை. "தம்பி, நான் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை!" என்றார் தொலைபேசியில். வைஃபை அறுந்ததால் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியிருக்கிறார். அந்த இணைப்பின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதற்குரிய எண், மும்பைக் கணக்கில் இருந்தது. விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அதன்பின் இடத்தை மட்டும் வைத்துத் தடுப்பதை நிறுத்தினோம். என்னைக் கேட்டால், இடத்தைவிட லேப்டாப்பின் நிலைதான் நம்பத்தக்க சாட்சி. பதிவு செய்த லேப்டாப், அதன் வட்டு என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது (திருடினாலும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது), ஊர் மட்டும் புதிது என்றால் கைரேகை ஒருமுறை கேட்டால் போதும். அதே ஊரிலிருந்து அறியாத கருவியில் வந்து எல்லோருடைய சம்பள விவரத்தையும் இறக்கப் பார்த்தால் கதவை அடைக்க வேண்டியதுதான். விடுமுறைப் பட்டியலைப் பார்ப்பதற்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

உங்கள் விஷயத்தில், எந்த விதி தடுத்தது என்று லாகின் பதிவைப் பார்த்துச் சொல்லும்படி ஐடி பிரிவில் கேளுங்கள். பெரும்பாலும் அதில் காரணம் இருக்கும். கேட்பதற்கு முன்னால், அந்தப் பாதுகாப்பு அப்டேட்டை 'பிறகு நினைவூட்டு' என்று எத்தனை நாளாகத் தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்றும் பார்த்துவிடுங்கள்.