பேண்டில் டூபா கொடுத்திருக்கிறார்களா? கேளுங்கள்

சிங்கப்பூர்ப் பள்ளி பேண்டுகளில் டூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் சொல்லிக்கொடுக்கிறேன். இணைப்பாட நடவடிக்கையாகப் பேண்டை எடுத்த பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

மகள் உயர்நிலை 1. உயரம் 145 செ.மீ. தான். டூபாவுக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை. வேறு வாத்தியம் கேட்கலாமா சார்?

அவசரப்படாதீர்கள். உயரத்தை விட்டுவிட்டு அவள் உட்காரும் விதத்தைப் பாருங்கள். நாற்காலி நுனியில் நிமிர்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரட்டும். டூபாவை மடியில் வைத்தால் மவுத்பீஸ், அதாவது உதட்டை வைத்து ஊதும் பகுதி, தானாக உதட்டுக்கு நேரே வர வேண்டும். முகவாயைத் தூக்கி எட்டிப்பிடிக்கிறாள் என்றால் வாத்தியம் உயரம். அதை மடியிலிருந்து இறக்கி, தொடைகளுக்கு நடுவே நாற்காலியிலேயே வைக்கலாம். கழுத்தைக் குனிகிறாள் என்றால் தாழ்வு. அடியில் மடித்த துண்டு அல்லது டூபா ஸ்டாண்ட் போதும். அப்புறம் வலது கையைக் கவனியுங்கள். மணிக்கட்டு ஒடியாமல் விரல்கள் ஸ்வரத்தை மாற்ற அழுத்தும் வால்வின் மேல் வளைந்து நிற்க வேண்டும். முதல் நிமிடத்தில் எல்லாப் பிள்ளையும் நேராகத்தான் உட்காரும். கால் மணி நேரம் வாசித்த பிறகு தோள் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அப்போதும் சரியில்லை என்றால், 3/4 அளவு டூபா இருக்கிறதா என்று பேண்டு மாஸ்டரிடம் கேளுங்கள்.

3/4 என்றால் குழந்தைகளுக்கான பொம்மை மாதிரியா? பிறகு பெரியதற்கு மாறும்போது முதலிலிருந்து கற்க வேண்டுமா?

இல்லை. பி-பிளாட் சுருதி டூபா சிறியதோ பெரியதோ, குழாயின் நீளம் சுமார் 18 அடிதான். சுருதியும் விரல் வைப்பும் மாறாது. வாத்தியத்தின் பருமனும் பெல்லின் (ஒலி வெளிவரும் விரிந்த வாயின்) அகலமும்தான் குறைகின்றன. யமஹா ஒய்பிபி-105 அந்த வகை. பெரிய அரங்கில் முழு அளவு டூபா போல நாதம் பரவாது, உண்மைதான். ஆனால் பெரிய டூபாவைக் கட்டிப்பிடித்துத் திணறும் பிள்ளையிடமிருந்து அந்த நாதம் எப்படியும் வரப்போவதில்லை.

3 வால்வா, 4 வால்வா அண்ணா?

தொடங்குகிறவருக்கு 3 போதும், எடையும் குறைவு. ஆனால் 1, 3 வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறிவிடும். மூன்றையும் அழுத்தினால் இன்னும் மோசம். 4ஆவது வால்வு 1-3 சேர்க்கைக்குப் பதிலாக நின்று அதைச் சரிசெய்கிறது, அடிமட்ட ஸ்வரங்களையும் திறந்துவிடுகிறது. உயர்நிலை 3, 4 வரை ஓட வேண்டிய வாத்தியம் என்றால் ஒய்பிபி-321 போல 4 வால்வு உள்ளதே நல்லது.

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறேன். வாசிக்கலாமா?

தாராளமாக, தம்பி. டூபா மவுத்பீஸ் பெரியது. டிரம்பெட் அளவுக்கு உதட்டை அழுத்தாது. கம்பியை முறுக்கிய நாள்களில் மட்டும் குறைவாக வாசி.

பழைய டூபா ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பள்ளியே வாத்தியம் தருகிறது என்றால் எதற்கு? மவுத்பீஸ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பாக் 24ஏடபிள்யூ தொடக்க மாணவர்கள் பலர் பயன்படுத்துவது. பள்ளி டூபாவில் செருகிப் பார்த்து, ஆடாமல் உட்கார்ந்தால் எடுங்கள்.

வாங்கியே தீருவேன் என்றால், முதல் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (இழுக்கக்கூடிய வளைந்த குழாயை) மெல்ல வெளியே இழுத்து, பிறகு வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் வால்வில் காற்று கசியவில்லை. சத்தமே இல்லை என்றால் வால்வு தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யச் செலவு அதிகம். பெல்லில் உள்ள நசுங்கல் பார்க்கத்தான் அசிங்கம். மவுத்பீஸ் பக்கத்துச் சிறு குழாயில் நசுங்கல் இருந்தால் வேண்டாம். அந்தக் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளை உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம்.

வீவக அடுக்குமாடி வீட்டில் பயிற்சி செய்தால் பக்கத்து வீட்டார் கோபிக்கிறார்கள்.

டூபாவைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு மவுத்பீஸை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை உதட்டில் வைத்து, பாட்டின் சுருதியை ஒலித்துப் பழகினால் காதும் உதடும் சேர்ந்து தேறும். வாத்தியமே வேண்டும் என்றால் சத்தத்தைக் குறைக்கப் பெல்லில் செருகும் பயிற்சி மியூட் கிடைக்கிறது. ஆனால் அது காற்றை எதிர்த்துத் தள்ளும். புதிய பிள்ளை அதிலேயே தினமும் வாசித்தால் மூச்சை இறுக்கி ஊதப் பழகிவிடும்.