குடியும் மனச்சோர்வும்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

கேள்வி: இரவு இரண்டு பெக் போட்டால்தான் தூக்கம் வருகிறது. ஆனால் மூன்று மணிக்கெல்லாம் நெஞ்சு படபடக்க விழித்துவிடுகிறேன். எதனால்?

பதில்: அந்த இரண்டு பெக்கால்தான். மது மூளையை அமுக்கும். அதை எதிர்த்து மூளை முறுக்கிக்கொண்டு நிற்கும். பெக்குக்கு ஒரு மணி நேரம் என்று கல்லீரல் கணக்கை முடித்ததும் போதை போய்விடும், முறுக்கு மட்டும் மிஞ்சும். பின்னிரவுத் தூக்கம் துண்டு துண்டாகும். பகலில் மனசு மந்தமாக இருப்பதற்கு இதுவே பாதிக் காரணம். இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். முதல் சில நாள் தூக்கம் இன்னும் கெடும். அதற்காகத் திரும்ப ஊற்றாதீர்கள். ஒரு எச்சரிக்கை: உங்கள் இரண்டு பெக் நிஜமாகவே இரண்டுதானா? தினமும் அளவுக்கு மேல் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: டாக்டர், மாத்திரை சாப்பிடுகிறேன். சனிக்கிழமை மட்டும் குடிக்கலாமா?

பதில்: என்ன மாத்திரை? பெயர் இல்லை, டோஸ் இல்லை, எதற்கென்றும் இல்லை. ஜோசியமா பார்க்க முடியும்? பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம், குளோனசெபம் வகை என்றால் ஒரு சொட்டும் கூடாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். மனச்சோர்வு மாத்திரை என்றாலும் குடி அதன் வேலையைக் கெடுக்கும். குடிப்பதற்காகச் சனிக்கிழமை மாத்திரைக்கு லீவு விடும் சாமர்த்தியமும் வேண்டாம்.

கேள்வி: ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறேன். மூன்று முறை மாற்றியும் பலனில்லை. (தினமும் கொஞ்சம் குடிப்பேன். டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) வேறு நல்ல மாத்திரை சொல்லுங்கள்.

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதுதான் உங்கள் கேஸ். நான்காவது மாத்திரையும் தோற்கும்.

என்னிடம் வருபவர்களும் இப்படித்தான். குடிப்பீர்களா என்றால் "எப்பவாவது". கடைசியாக எப்போது என்றால் "நேத்து". அதற்கு முன்? "முந்தாநேத்து". இதைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்காமலே சீட்டு எழுதும் என் சக மருத்துவர்கள்மீது எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. மறைப்பவர்மீது அதில் பாதி.

1988-ல் பிரவுன், ஷுக்கிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்ந்த சுமார் இருநூறு ஆண்களைக் கவனித்தார்கள். சேரும்போது பத்தில் நான்கு பேருக்குக் கணிசமான மனச்சோர்வு. குடியில்லாமல் நான்கு வாரம் போனதும் நூற்றில் ஆறு பேருக்குத்தான் மிஞ்சியது. மற்றவர்களுக்குச் சோர்வைக் கொடுத்ததே பாட்டில்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். நான்கு வாரத்துக்குப் பிறகும் சோர்வு நின்றால், அல்லது குடிக்கத் தொடங்கும் முன்பே இருந்தது என்றால், அது தனி நோய். அதற்கு முழுச் சிகிச்சை வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மாத்திரை மாற்றுவது இருட்டில் கல்லெறிவது.

அடுத்த முறை போகும்போது முதல் வாக்கியமாகக் குடியைச் சொல்லுங்கள், மில்லி கணக்கோடு. அதுவரை நீங்களாக எதையும் திடீரென நிறுத்த வேண்டாம், மாத்திரையானாலும் சரி, குடியானாலும் சரி. சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் நான்கு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே மருத்துவமனை. போதையில் அந்த எண்ணம் செயலாவது மிகச் சுலபம்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து இருக்கிறதாமே?

பதில்: கூடாதம்மா. டைசல்பிராம் என்ற அந்த மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

கேள்வி: என் கணவர் குடியை விட்டுப் பத்து நாள் ஆகிறது. இப்போதுதான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். குடித்தபோதே தேவலை போலிருக்கிறது.

பதில்: அந்த வார்த்தையை அவர் காதில் போடாதீர்கள். பத்து நாளில் மூளை பழைய நிலைக்கு வந்துவிடாது. எரிச்சல், எதிலும் ருசியின்மை எல்லாம் மூன்று நான்கு வாரம் இழுக்கும். அதைத் தாண்டினால் அழைத்து வாருங்கள்.

கேள்வி: நான் ஹாட் (பிராந்தி, விஸ்கி) தொடுவதில்லை, பீர் மட்டும்தான். பீரால் மனச்சோர்வு வராதல்லவா?

பதில்: வரும். பீரிலும் இருப்பது அதே ஆல்கஹால்தான். 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம் ஆல்கஹால். 30 மில்லி பெக்கில் இரண்டரை. 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு. வாரத்துக்கு எத்தனை பாட்டில் என்று நீங்கள் எழுதவேயில்லை.