350 ரூபாய் பாட்டில் ஊற்றினால் மைலேஜ் ஏறுமா?

கேள்வி: என்னிடம் 2016 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. மாதம் 900 கிலோமீட்டர் ஓடுகிறது. முன்பு லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி, இப்போது 15தான் கொடுக்கிறது. வழக்கமாகப் பெட்ரோல் போடும் பங்கில் பெட்ரோலில் கலக்கும் திரவம் உள்ள ஒரு சின்ன பாட்டிலைக் காட்டி, "டேங்க் ஃபுல் பண்றப்ப ஒண்ணு ஊத்துங்க சார், ரெண்டு கிலோமீட்டர் ஏறும்" என்கிறார்கள். விலை 350 ரூபாய். வாங்கலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பங்க்காரர் சொல்வதை அப்படியே நம்பி முதலில் கணக்குப் போடுவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், உங்கள் டேங்க் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாதம் 60 லிட்டர், 6,000 ரூபாய் செலவாகிறது. மைலேஜ் 17 ஆனால் 53 லிட்டர் போதும். ஆனால் அதற்கு மாதம் ஒன்றேகால் பாட்டிலுக்கு மேல் வேண்டும். அதற்கே 460 ரூபாய். ஆக, அவர் வாக்கு அப்படியே பலித்தாலும் கையில் நிற்பது மாதம் 240 ரூபாய் சொச்சம்தான். பாட்டில் காசை எடுக்கவே மைலேஜ் 16.3-ஐத் தொட வேண்டும். மைலேஜ் ஏறவே இல்லையென்றால் வருடத்துக்கு 18 பாட்டில், 6,300 ரூபாய் தண்டம்.

ஏறாது என்பதுதான் என் கருத்து. நல்ல நிலையில் இருக்கும் இன்றைய இன்ஜின், உள்ளே போகும் பெட்ரோலை ஏறக்குறைய முழுவதுமாக எரித்துவிடுகிறது. "முழுசா எரிய வைக்கும்" என்று பாட்டிலில் எழுதியிருந்தால், எரிக்க மிச்சம் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ, எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட கருவிகள், கலவைகள் என நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்தது. மிகச் சிலவற்றில்தான் பலன் தெரிந்தது, அதுவும் சொற்பம். நம் ஊரில் மூலிகை பெட்ரோலையே பார்த்துவிட்டோம், இந்தப் பாட்டில் எம்மாத்திரம்!

ஒரு விதிவிலக்கு உண்டு. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கரி படிந்து, வண்டி நின்றபடி ஓடும்போது (ஐடிலிங்) உதறினால் நல்ல கிளீனர் ஒரு பாட்டில் உதவலாம். இழந்ததைத்தான் அது திருப்பித் தரும், புதிதாக எதையும் கூட்டாது. அதையும் மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகு ஊற்றுங்கள்.

நானும் ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கினேன். நோட்டுப் போட்டு எழுதிவைத்தேன்: பாட்டில் ஊற்றாத மூன்று டேங்குக்கு 14.6, 15.1, 14.4, ஊற்றியதற்கு 14.9. இதிலிருந்து என்னத்தைச் சொல்ல? டேங்க் நிறையும்போது பங்க் நாசில் கொஞ்சம் முன்னே பின்னே கட் ஆகி ஒரு லிட்டர் வித்தியாசப்பட்டாலே கணக்கு இரண்டரை சதவீதம் மாறிவிடும். அதோடு, காசு கொடுத்து ஊற்றியவன் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மெதுவாகத்தான் மிதிப்பான். நான் மிதித்தேன்.

சரி, உங்கள் 16 எப்படி 15 ஆனது? ஒரு காரணம் பெட்ரோலிலேயே இருக்கிறது. அதில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலக்கிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. முன்பு 10% கலந்தார்கள், இப்போது 20%. அதனாலேயே லிட்டருக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஆற்றல் போய்விட்டது, அதாவது அரை கிலோமீட்டர். இதை எந்தப் பாட்டிலாலும் திருப்பித் தர முடியாது.

மீதி அரை கிலோமீட்டரைத் தேடலாம். அதே பங்கில் ஓரமாகக் காற்றடிக்கும் மெஷின் இருக்கும், காசு கேட்க மாட்டார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் டயரில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்று ஸ்டிக்கர் இருக்கும். டயர் சூடேறுவதற்கு முன், காலையில் போய், நான்கு டயரிலும் அந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமான்களை இறக்குங்கள். அடுத்த சர்வீஸில் ஸ்பார்க் பிளக்கையும், பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.