ஜெனிசி ஃபார்மர்: 1839இல் நின்றதா, நிற்கவில்லையா?

உங்கள் குழப்பம் இதுதானே: ஜெனிசி ஃபார்மர் என்ற அமெரிக்க வேளாண் பத்திரிகை 1839இல் நின்றுபோனதாக ஒரு குறிப்பு சொல்கிறது, கையிலோ 1850இல் வந்த இதழ் இருக்கிறது. இரண்டும் சரிதான். ஒரே பெயரில் வந்தவை இரண்டு பத்திரிகைகள்.

முதலாவதை லூதர் டக்கர் 1831இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் தொடங்கினார், வார இதழ். அதே மாநிலத்தின் ஆல்பனியில் 1834 முதல் மாதந்தோறும் தி கல்டிவேட்டர் என்ற வேளாண் இதழை நடத்திய ஜெஸ்ஸி பியூயல் 1839இல் இறக்கவே, டக்கர் அதை வாங்கித் தன் இதழை அதில் கரைத்துவிட்டு ஆல்பனிக்குக் குடிபெயர்ந்தார். ராசெஸ்டரில் அந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. 1840இலேயே வேறு ஆட்கள் நியூ ஜெனிசி ஃபார்மரைத் தொடங்கினார்கள். அது மாத இதழ். பின்னாளில் 'நியூ' உதிர்ந்துபோனது. வினையே அங்குதான்.

ஆகவே முதலில் முகப்பைப் பாருங்கள். ராசெஸ்டர், ஆண்டு 1840 அல்லது அதற்குப் பின் என்றால் இரண்டாவது. ஆல்பனி என்றால் அது கல்டிவேட்டர்; 1840க்குப் பிந்தைய முகப்புகளில் இரண்டும் இணைந்த செய்தியும் இருக்கும்.

தொகுதி எண்ணை மட்டும் நம்பி அடிக்குறிப்பு எழுதாதீர்கள். கல்டிவேட்டர் 1844இலும் 1853இலும் புது வரிசை தொடங்கி மறுபடி 1இலிருந்து எண்ணியது. 'தொகுதி 1' மூன்று உண்டு. மாதமும் ஆண்டும் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று: அக்கால ஆசிரியர்கள் ஒருவர் இதழிலிருந்து மற்றவர் தாராளமாக எடுத்துப் போட்டார்கள். கட்டுரையின் கடைசி வரியில் பொடி எழுத்தில் வேறு இதழின் பெயர் இருந்தால், மூலம் அங்கே.